அண்ணாவின் அளவுக்கு ஒரு பெட்டி

எங்கள் அண்ணா பருத்தித்துறையில் பிறந்து, பாரிசை அடுத்த திரான்சியில் என் வீட்டில் கண்ணை மூடினார். இடையில் மெக்சிக்கோவில் முகமூடி அணிந்த மல்யுத்த வீரராக, அதுவும் வில்லனாக, வாழ்ந்தார். இந்த நினைவு மலருக்கு நான் எழுதுவது தெரிந்ததும் சித்தப்பா, "உணவகத்திலை வேலை செய்தவர் எண்டு மட்டும் போடு பிள்ளை" என்றார். நான் அப்படிப் போடமாட்டேன்.

அண்ணா வளர்ச்சி குன்றிப் பிறந்தவர். சிறு வயதிலேயே நான் அவரைவிட உயர்ந்துவிட்டேன். போர்க்காலத்தில் பாரிசுக்கு வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, எங்களை இங்கே எடுப்பித்தவர் அவர்தான். ஆனால் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் யாராவது அவரை இடுப்பில் தூக்கி வைத்துப் படம் எடுப்பார்கள். முப்பது வயது மனிதரை! சபை விழுந்து விழுந்து சிரிக்கும். அண்ணாவும் சிரித்து வைப்பார். இன்று நினைத்தாலும் அருவருக்கிறது.

அந்த உணவகத்துக்குச் சாப்பிட வந்த மெக்சிக்கோ மல்யுத்தக் குழுவினர் அவரைத் தங்களோடு அழைத்துச் சென்றார்கள். அங்கே குள்ளமான வீரர்களுக்கென்று தனிப் போட்டிகள் உண்டு. ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர். அண்ணா கெட்டவர். நடுவர் திரும்பும் நேரம் பார்த்துக் கடிப்பார், கண்ணில் குத்துவார், கடைசியில் நல்லவரிடம் செமத்தியாக வாங்கிக்கொண்டு தோற்பார்.

குழு பாரிசுக்கு வந்தபோது பார்க்கப் போனேன். மண்டபமே அவரைத் திட்டித் தீர்த்தது. நான் அழுதுவிட்டேன். முகமூடியைக் கழற்றி, வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்த அண்ணா கேட்டார்:

"ஏனடி அழுறாய்? என்னைத் தூக்கி விளையாட ஒருத்தனும் வரேல்லை, பாத்தியே? எல்லாருக்கும் என்னிலை பயம். இதுக்குத்தான் நான் பாடுபடுறன்."

அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முழங்கால்கள் தேய்ந்து திரும்பி வந்தார். பிறகு இருதயம் பழுதானது. வலியைச் சொல்லி யாரையும் வருத்தாமலே போய்விட்டார்.

இறுதிக் கிரியைக்குச் சித்தப்பாவும் உறவினர்களும் ஏற்பாடு செய்தது ஆறடிப் பெட்டி.

"சனம் பார்க்கிற இடம் பிள்ளை. காலடியிலை சீலையளை மடிச்சு வைச்சு, மேலை வேட்டியாலை மூடினால் ஒண்டும் தெரியாது" என்றார் சித்தப்பா.

அதற்கென்று லா சப்பலில் புதுச் சேலைகளும் வாங்கி வந்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரைப் பிள்ளையாக்கித் தூக்கியவர்கள், செத்த பிறகு நெட்டையாக்கப் பார்த்தார்கள். சண்டை பிடித்து, அண்ணாவின் அளவுக்கு ஒரு பெட்டி எடுப்பித்தேன்.

"அப்ப நாங்கள் பெட்டியைக் காவமாட்டம்" என்று சித்தப்பா ஒதுங்கிக்கொண்டார்.

மேடையில் காலமெல்லாம் அண்ணாவை அடித்து வென்ற அந்த நல்லவர், தன் தோழர்களோடு வந்திருந்தார். அவர்களும் அண்ணாவின் உயரம்தான். அவர்களே பெட்டியைத் தோளில் வைத்தார்கள். அது எங்கள் இடுப்பளவில் போனது. நின்ற அத்தனை பேரும் குனிந்துதான் அண்ணாவைப் பார்க்க வேண்டியிருந்தது.

சுமந்த அந்தத் தோள்களுக்கும், கடைசிவரை வீட்டுக்கு வந்து பராமரித்த தாதிக்கும், அண்ணாவோடு கோப்பை கழுவிய நண்பர்களுக்கும் என் நன்றி.

அந்தப் புதுச் சேலைகள் பையோடு என் வீட்டு வாசலில் கிடக்கின்றன. வாங்கியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். உள்ளே வரத் தேவையில்லை.

— தங்கை