அருளப்பன் அண்ணனும் காலண்டர் அட்டையும்

அடிவாரத்தில் ஏற்காடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் இறங்கி வந்து, "ஏனுங்க, உங்க சினிமா ரைட்டர் காலைல தவறிட்டாருங்க" என்றார். எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்த்த அருளப்பன் அண்ணனை மலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. பஸ்ஸில் எனக்கு வாந்தி வராத ஒரே பயணம் அதுதான்.

மாதா கோயில் ஹாலில் ஞாயிறு பிற்பகல்களில் அண்ணன் படம் காட்டுவார். ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டி இருட்டாக்குவோம். இங்கிலீஷ் படங்களுக்கு அவரே கூடவே தமிழில் கதை சொல்வார். எஸ்டேட் ஜீப் டிரைவரான இந்தச் சின்னப்பனுக்கும் ஒரு உத்தியோகம் உண்டு: முத்தக் காட்சி வந்தால் புரொஜெக்டர் மெஷின் முன்னால் காலண்டர் அட்டையைப் பிடிப்பது. எட்டாவது ஃபெயிலானவனுக்கு அது பெரிய பதவி.

எழுபதுகளின் கடைசியில், ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அல்ஜியர்ஸ் நகரத்தைப் பற்றிய ஒரு படம் சேலத்திலிருந்து வந்தது. அண்ணன் அகராதியோடு மூன்று முறை போட்டுப் பார்த்தார். படத்தில், அந்த ஊரின் பெரிய மசூதியைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துத் தேவாலயமாக்கினார்கள். விடுதலை கிடைத்ததும் அது மறுபடி மசூதியானது. எங்கள் ஹால் கமிட்டித் தலைவர்தான் எஸ்டேட் மேனேஜரும். விஷயம் அவர் காதுக்குப் போனது. அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம கோயிலைத் தூக்கிக் குடுக்கறதை நம்ம ஹால்லயே காட்டுவியா?"

"அது மொதல்ல அவங்க ஊடுங்க. புடுங்கினவங்ககிட்ட இருந்து திரும்ப வந்துச்சு. இதுல யேசுநாதருக்கு என்னங்க நஷ்டம்?"

"அந்த இடம் வந்தா சின்னப்பன் அட்டையை வெக்கணும். இல்லேன்னா ஹால் சாவி உன்கிட்ட இருக்காது."

அந்தச் சாவிதான் அண்ணனின் உயிர். அது எல்லோருக்கும் தெரியும்.

படம் தொடங்கியது. அல்ஜியர்ஸில் ஒரு சினிமாக் கொட்டகை: வெள்ளைக்காரர்கள் மெத்தை நாற்காலியில், ஊர்க்காரர்கள் மரப்பலகையில். பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் சனம் திரும்பி, பின்னால் மேனேஜர் வீட்டு நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தது. மேனேஜர் இருமினார். மசூதிப் படிகள் வந்ததும் மறுபடி இருமினார். அது எனக்கான சைகை. எனக்குச் சம்பளம் தருபவர். அட்டையை வைத்துவிட்டேன்.

திரை இருண்டது. அண்ணனின் குரல் நிற்கவில்லை.

"நூறு வருசத்துக்கு மேல இதுல அவங்க தொழ முடியலீங்க. இன்னைக்குப் படியேறிப் போறாங்க. முன்னால ஒரு பெரியவரு செருப்பக் கழட்டறாரு."

தலைச்சோலையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் இருட்டில் கேட்டார்: "செருப்ப எங்கீங்க உடறாரு?"

"படி ஓரமாத்தானுங்க. கண்ணு வாசப்படி மேலயே இருக்குது. ஒண்ணு கவுந்து போச்சு."

நான் அட்டையை இறக்கினேன். வீரத்தால் இறக்கியதாக என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அந்தச் செருப்பைப் பார்க்கும் ஆசைதான். அண்ணன் சொன்னபடியே கிடந்தது, ஒன்று கவிழ்ந்து.

படம் முடிந்ததும் யாரும் கேட்பதற்கு முன்பே அண்ணன் சாவியை மேனேஜரின் நாற்காலியில் வைத்தார். அடுத்த ஞாயிறு பூசையில் வழக்கம்போல முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார். "அவங்களுக்கு வேண்டியது சாவிதான், சின்னப்பா. சாமியக் கேக்கலியே" என்றார். பிறகு ஒரு மெஷினை இரவல் வாங்கி, பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் வேட்டியைத் திரையாகக் கட்டி அதே படத்தைக் காட்டினார். ஜீப் ஓட்டியது நான். எஸ்டேட் ஜீப்தான்.

அடக்கத்தன்று நான் இரங்கல் பேச எழும் முன் கமிட்டிக்காரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்தப் படத்துப் பேச்சு மட்டும் வேண்டாம். அமைதியான மனுசன்னு சொல்லி முடிச்சுக்குங்க" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னபடியே சொல்லி முடித்தேன். எத்தனை வயதானாலும் யாராவது இருமினால் என் கை மேலே போய்விடுகிறது.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்: அவரை அறிந்தவர்களே, அருளப்பன் அண்ணன் அமைதியான மனிதர் அல்ல. திரையை மறைத்தாலும் வாயை மூடாதவர். அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது இருட்டில் கேட்ட அந்தக் குரலும், அந்தக் காலண்டர் அட்டையும். இதை அட்டையின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். இனி அதைத் தூக்கி யாராலும் எதையும் மறைக்க முடியாது, என்னாலும்.