பிறை போடாத உறை

இதை எழுத நினைத்துப் பல வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன், வெட்கம் வரும், வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அல்லாஹ் என் நாவின் பிழையை மன்னிக்கட்டும்.

என் மனைவிக்கு மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணத் தொடங்கிய காலம் அது. மாதம் ஒருமுறை எங்கள் ஊர் மாம்புரியிலிருந்து பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போவோம். அங்கே ஒரு நர்ஸ் இருந்தார், நாங்கள் மிஸ்ஸி என்போம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வேதக்காரப் பெண், சிலுவை போட்டிருப்பார். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் குடிக்க வேண்டிய குளிசையின் உறையில் சிவப்புப் பேனையால் சிறு பிறை ஒன்று போடுவார். "பிறை போட்டது ஜும்ஆ நாளைக்கு மட்டும், விளங்குதோ ராத்தா?" பிறகு அவளுடைய விரல்களை மெல்ல மடக்கிப் பார்ப்பார். "நானாவுக்கு ஒரு குட்டு வைக்கிற அளவுக்கு மடங்கினால் காணும்!" நானா என்றது என்னைத்தான். வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வலியோடு போனவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பிய நாட்கள் அவை.

ஒரு நோன்பு மாதம் மிஸ்ஸி லீவு. மருந்து கொடுக்கும் ஐயா உறைகளை நேரே எங்களிடம் தந்தார். குளிசையின் நிறம் மாறியிருந்தது, பிறையும் இல்லை. வாரம் ஒருமுறை என்று அவர் சிங்களத்தில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். எங்களுக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. பிறை இல்லையே என்று எனக்குத் தட்டுப்பட்டது. படித்த மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று பேசாமல் வந்துவிட்டேன். பழைய குளிசைக்குப் பதிலாகப் புது மருந்து என்று நினைத்து, அவள் அதையும் மற்றக் குளிசைகளைப் போலத் தினமும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு குடித்தாள்.

ஐந்தாம் நாள் வாய் முழுக்கப் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. "நோம்பு வறட்சிதான். பெருநாளோட சரியாப் போகும், பேசாம இரிங்க" என்றாள். நானும் நம்பினேன்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. லீவு முடிந்து வந்த மிஸ்ஸி, பிறை போடாத உறைகள் யார் யாருக்குப் போயின என்று கொப்பியில் பார்த்து, வீடு தேடி வந்திருக்கிறார்.

"ராத்தா, வாயைத் திறங்கோ."

பார்த்தவருடைய முகம் வெளுத்துவிட்டது. "உடுப்பை எடுங்கோ நானா. ஒரு நிமிசமும் நிக்க ஏலாது."

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். கட்டிலடியில் மருந்து கொடுக்கும் ஐயாவும் நின்றார். மிஸ்ஸி சிங்களத்தில் அவரிடம் சொன்னது எனக்கு விளங்கியது: "நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள். இவர்கள் என் பிறையைத்தான் பார்ப்பார்கள். அதை உங்களுக்கு நான் சொல்லவேயில்லை. பிழை என்னுடையது." பிறை இல்லாததை அன்றே கண்டேன் என்று பக்கத்தில் நின்ற நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து டாக்டர், மிஸ்ஸி, ஐயா மூவரும் மருந்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். நாங்களும் திருப்பிச் சொல்ல வேண்டும். அல்ஹம்துலில்லாஹ், அவள் பிழைத்தாள். ஆனால் ஊரில் நான் சொன்ன கதை வேறு. "மருந்து குடுத்தவரு மாத்திக் குடுத்திட்டாரு" என்றேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை எங்கள் ஆட்கள் அவரை நம்பவில்லை.

போன வருடம் மிஸ்ஸி காலமானார். அடக்கத்துக்கு அந்த ஐயாவும் வந்திருந்தார். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மிஸ்ஸி முதல் நாளே தன் பிழையைத்தான் சொல்லிக்கொடுப்பாராம், ஐயாதான் சொன்னார்.  அங்கேயே அந்த ஐயாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

இதை வாசிப்பவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். மிஸ்ஸி நல்லவர் என்பதற்காக அவருடைய பிழையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எனக்காக இரங்கி என்னுடையதையும் விட்டுவிடாதீர்கள்.