கூனிப்பொடி தடவிய கண்ணாடிக் குச்சி

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடிக் குச்சி கிடக்கிறது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்த அன்று அதில் கருவாட்டு நாற்றம் அடித்தது. ஓர் ஆளுக்கு எதிரான சாட்சியாகத்தான் அதை வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. ராஜபாளையத்தில் நான் புதிதாகச் சேர்ந்த விலங்கியல் விரிவுரையாளர். ஆய்வக உதவியாளர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பல வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு இன்றோ நாளையோ என்று காத்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து கேன்களில் கடல் தண்ணீரோடு அவர் கொண்டுவந்த கடல்சாமந்தி ஒன்று கண்ணாடித் தொட்டியில் இருந்தது. பார்த்தால் பூ, உண்மையில் விலங்கு. இதழ் போன்ற கைகள் முழுக்கக் கொட்டும் செல்கள். தொட்டால் கொட்டும் என்று பாடம் நடத்திவிட்டுக் குச்சியால் தொடுவேன். அது பேசாமல் சுருங்கிக்கொள்ளும். அவர் தொட்டால் மட்டும் அத்தனை இதழ்களும் குச்சியில் ஒட்டிக்கொள்ளும். மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். என் நிழலையே நம்பாதவள் நான்; இதை நம்புவேனா?

ஒரு மதியம் கதவோரம் மறைந்து நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து, காய்ந்த சின்ன இறாலை இடித்த கூனிப்பொடியை எடுத்துக் குச்சியில் தடவினார். தண்ணீரில் விட்டு, குட்டி இறால் நீந்துவதுபோல மெல்ல ஆட்டினார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக எனக்கு ஒரே சந்தோஷம். அவர் பதறவில்லை.

"வாசம் கெடச்சாத்தான் மேடம் அதுக்குக் காதே கேக்கும். பொறவுதான் கொட்டும்."

என்னைக் கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சோதனையில் மோசடி என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். நிரந்தர உத்தரவு வரவில்லை. இருந்த வேலையும் போயிற்று.

தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு நூலகத்தில் ஆய்விதழ் ஒன்றைப் புரட்டினேன். கடல்சாமந்தியின் இதழ்களில் நுண்ணிய மயிர்கள் உண்டாம். இரையின் வாசம் பட்டதும் அவை நீண்டு, நீந்தும் இரையின் மெல்லிய அதிர்வைப் பிடிக்கும்படி மாறிக்கொள்ளுமாம். அப்படி அதிர்ந்துகொண்டு வருவது மேலே பட்டால்தான் நன்றாகக் கொட்டுமாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டில் அவர் பால் கிண்டிக்கொண்டிருந்தார். படித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். துடுப்பை அவர் நிறுத்தவில்லை.

"எங்கிட்ட கூனி வாசத்தைப் பிடிச்சிய. பொறவு நான் எப்படி அசைஞ்சாலும் தப்பாத்தான மேடம் தெரியும்?" என்றார். கொஞ்சம் பால்கோவாவை இலையில் வைத்து நீட்டினார். "சூடா இருக்கு, சாப்பிடுங்க."

வாயில் வைக்குமுன் என்னை அறியாமல் முகர்ந்து பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

குச்சியில் இப்போது எந்த வாசமும் இல்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் எடுத்து முகர்ந்துதான் பார்க்கிறேன்.