மாங்காய்க்காரனின் இடது காது

முனிலட்சுமிக்கு அந்த ஆளைப் பார்த்த முதல் நாளே பிடிக்கவில்லை. ஆள் என்றால் உயிருள்ள ஆள் இல்லை. ஒரு சாண் உயரத்தில் ரெசினில் வார்த்த பொம்மை. அக்குளில் ஒரு பந்தை இடுக்கிக்கொண்டு, பின்னால் நாய் துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். பந்தாவது ஒழுங்கான பந்தா என்றால் அதுவும் இல்லை. வேப்பனப்பள்ளித் தோப்பில் காய்க்கிற பெங்களூரா மாங்காய் போல நீண்டு கூம்பியிருந்தது. 'மாங்காய்க்காரன்' என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள். அவனுடைய சொந்தப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆகவே ஓசூர்த் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பொம்மைக் கம்பெனி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

அவன் பெருமையைச் சொல்வதற்கென்று உற்பத்தி மேலாளர் விஜயகுமார் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து அரைமணி நேரம் பேசினார். வெளிநாட்டில் ரக்பி என்று ஓர் ஆட்டமாம். அதில் இவர் பதினேழு வருடம் ஆடி ஓய்வு பெற்றிருக்கிறாராம். அந்தப் பதினேழு வருடத்தையும் பன்னிரண்டு பொம்மைகளாகச் செய்து, பெட்டியில் போட்டு, எண் குறித்து விற்கப் போகிறார்களாம். முதல் பொம்மையில் மீசை முளைக்காத பையன். நடுவில் கோப்பையைத் தூக்குகிறான். கடைசியில் மண்டி போட்டு அழுகிறான். ரசிகர்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்.

"மாங்காயத் தூக்கிக்கினு ஓடுனதுக்கு பன்னெண்டு பொம்மையா சார்?" என்று கேட்டாள் முனிலட்சுமி. "நாங்க ஒம்போது வருசமா ஒரே எடத்துல நிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணு செஞ்சா போதும். முதல் வருசமும் கடைசி வருசமும் ஒரே மாதிரிதான் இருக்கும், அச்சுச் செலவு மிச்சம்."

வரிசை சிரித்தது. விஜயகுமார் சிரிக்கவில்லை.

"இந்த ஆர்டர் நல்லபடியா போகட்டும், உன்னை கம்பெனி ரோல்ல எடுக்கச் சொல்லியாச்சு. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அதுவரைக்கும் அந்த வாயைக் கொஞ்சம் கட்டி வைம்மா."

முனிலட்சுமி வாயைக் கட்டினாள். வேறு எதற்கும் கட்டியிருக்க மாட்டாள். ஒன்பது வருடமாக அவள் ஒப்பந்தத் தொழிலாளி. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கை முடித்து அனுப்பி, பத்து நாள் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவள் போலக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் வாசலில் இருக்கும் காவலாளி, அவளை முன்பின் பார்த்திராதவன் மாதிரி, "பேரு என்னா?" என்று கேட்பான். கம்பெனி ரோலில் நிரந்தரமானால் அந்தக் கேள்வி நின்றுபோகும். மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் அவளும் கணவன் கிருஷ்ணப்பனும் மூன்று வருடமாக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வேலை பினிஷிங். அச்சிலிருந்து வருகிற பொம்மையில் பிசிறை அரத்தால் எடுத்து, ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆறு பேர் வரிசையில் அவள் கைதான் அளவுகோல். மாங்காய்க்காரன் ஐந்தாம் எண்ணுக்கு வந்தபோது அந்தக் கை நின்றது. நான்காம் பொம்மை வரைக்கும் ஒழுங்காக இருந்த இடது காது, ஐந்தில் மென்று துப்பிய சவ்வு மிட்டாய் மாதிரி சுருண்டிருந்தது. ஆறிலும் அப்படியே. பன்னிரண்டு வரைக்கும் அப்படியே.

"அச்சு கெட்டுப்போச்சு" என்றான் பக்கத்தில் இருந்த கங்கப்பன்.

மற்றவர்களுக்கும் சந்தேகமே வரவில்லை. பின்னமான உருவத்தை வீட்டில் வைப்பார்களா? மூக்கு உடைந்த சாமியையே கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுகிற ஊர் இது. காசு கொடுத்து வாங்குகிறவன் காது பிய்ந்த பொம்மையையா அலமாரியில் வைப்பான்? இருந்தாலும் முனிலட்சுமி முறைப்படி போய்க் கேட்டாள். விஜயகுமார் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "காதுன்னா காது மாதிரி இருக்கணும். இதைக்கூட நான் வந்து சொல்லணுமா? சரி பண்ணுங்க" என்றார்.

சரி பண்ணினார்கள். நூறு பெட்டிக்கு எண்ணூறு காது. பட்டி வைத்து, காயவைத்து, மடலும் குழியுமாக அரத்தால் செதுக்கி, பெருமாள் சிலைக்குக்கூட அமையாத காதுகளை அந்த மாங்காய்க்காரனுக்கு ஒட்டிவிட்டார்கள். விஜயகுமார் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதான் குவாலிட்டி" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே மெடிக்கல் நடந்தது. கண் சரி, ரத்தம் சரி, நெஞ்சு சரி. கடைசியில் மருத்துவர் அவள் இடது கையைத் திருப்பினார். ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை.

அந்தக் கணு போய் ஐந்து வருடம் ஆகிறது. அச்சு அழுத்துகிற பிரஸ் ஆள் வராத ஒரு நாளில், "ஒரு மணி நேரம் நில்லும்மா" என்று அவளை அங்கே நிறுத்தியவர் விஜயகுமார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், "வீட்டு கிரைண்டர்ல மாவாட்டும்போது மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு, இல்லைன்னா உன் வேலைக்குத்தான் ஆபத்து" என்று காதோடு சொல்லிக்கொடுத்தவரும் அவரே. ரத்தம் சொட்டச் சொட்ட முனிலட்சுமி அப்படியே ஒப்பித்தாள். அந்தக் கம்பெனியில் விரல் போன அத்தனை பேரும் கிரைண்டர்மேல்தான் பழி போட்டார்கள். ஓசூரில் மட்டும் கிரைண்டருக்குப் பல் முளைத்திருக்கிறது போலும்.

மருத்துவர் பழைய ஆஸ்பத்திரித் தாளைப் பார்த்தார். 'இடது கைக் குறைபாடு. வீட்டில் ஏற்பட்டது. நிரந்தரப் பணிக்குத் தகுதியில்லை' என்று எழுதினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாளில் இருந்ததைத்தானே படித்தார்.

"என்ன செய்யறது, ரூல்ஸ்" என்றார் விஜயகுமார். எண்ணூறு காது செதுக்கிய கைக்குத் தகுதியில்லையாம்! வீட்டில் கிருஷ்ணப்பன் அவளுக்கும் சேர்த்துச் சோறு போட்டு வைத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

சரக்கு ஏற்ற நான்கு நாள் இருக்கும்போது, வாங்குகிறவர்கள் சார்பில் பெங்களூரிலிருந்து ஹரீஷ்குமார் என்பவர் சோதனைக்கு வந்தார். ஏழாம் எண் பொம்மையை எடுத்தார். முகம் வெளுத்தது. "கிவி எல்லி?" என்று கன்னடத்தில் கத்தினார். காது எங்கே?

இருக்கிற காதைக் காட்டினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு எட்டுப் பேர் தலையோடு தலை கோத்துக்கொண்டு எருது மாதிரி முட்டித் தள்ளுவார்களாம். முட்டி முட்டி நசுங்கிப்போன காதாம் அது. அந்தக் காதைப் பார்த்துத்தான் உலகம் அவரை அடையாளம் கண்டுகொள்ளுமாம். பெட்டிக்குள் அதற்கென்று தனி அட்டையே இருந்தது. ஹரீஷ்குமார் அதை உரக்கப் படித்துக் கன்னடத்தில் சொன்னார்: 'ஆட்டக்களத்தில் நசுங்கிய காது. உழைப்பு அவருக்குச் சூட்டிய பதக்கம்.'

முனிலட்சுமிக்குக் கன்னடம் தெரியும். கேட்டதும் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

"இந்த லேபருங்க தானா பண்ணிட்டாங்க சார், படிக்காத ஜனங்க" என்று விஜயகுமார் ஆங்கிலத்திலும் தமிழிலுமாகக் கையைப் பிசைந்தார். பிறகு அவளிடம் திரும்பிக் குழைந்தார். "முனிலட்சுமி, எண்ணூறும் பழையபடி நசுக்கணும்மா. அந்தச் சுருக்கம் உன் கைக்குத்தான் வரும். நீ ஒண்ணு செஞ்சு காட்டினா மத்தவங்க பார்த்துச் செய்வாங்க. நாலு நாள்தான் இருக்கு."

"தகுதி இல்லாத கை சார் இது."

"இப்போ போய் அதையெல்லாம் பேசிக்கிட்டு..."

"ஒரே ஒரு தாளு எழுதிக் குடுங்க. வெரலு போனது எங்க வீட்டு கிரைண்டர்ல இல்ல, உங்க பிரஸ்ல, வேலை நேரத்துலன்னு. அந்த மாங்காக்காரனுக்கு அட்டையில அச்சடிச்சே வெச்சிருக்கீங்க. எனக்குப் பேனாவால எழுதினா போதும்."

"அது முடிஞ்சுபோன கதை. அதைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

கங்கப்பன் கையிலிருந்த அரத்தை மேசையில் வைத்தான். சத்தமில்லாமல்தான் வைத்தான். மற்ற நாலு பேரும் வைத்தார்கள்.

ஹரீஷ்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனம்மா, ஏனு விஷயா?" என்றார். என்னம்மா, என்ன விஷயம்?

முனிலட்சுமி விஜயகுமாரைப் பார்த்து, "கன்னடத்துல நானே சொல்லட்டா சார்? இல்ல, நீங்க எழுதறீங்களா?" என்றாள்.

வெளிநாட்டில் பொம்மை வாங்குகிறவர்களுக்கு, பொம்மை செய்கிற இடத்தில் விரல் போகிற கதை பிடிக்காது. அது விஜயகுமாருக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல சார், வொர்க்கர் விஷயம்" என்று சிரித்துவிட்டு அறைக்குள் போனார். கால்மணி நேரம் கழித்துத் தாள் வந்தது. விபத்து நடந்த நாள், நேரம், பிரஸ்ஸின் எண், கையெழுத்து, முத்திரை. கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதி போட மறந்திருந்தார். அவள் திருப்பிக் கொடுத்துப் போட வைத்தாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பிறகு உட்கார்ந்து அரத்தை எடுத்தாள். தான் செதுக்கிய அழகான காதுகளைத் தானே ராவி, பட்டி அப்பி, நசுங்கலாகச் சுருட்டினாள். ஒன்றுகூட அவளுக்கு வலிக்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் சரக்கு ஏறியது. விஜயகுமார் லாரிக்குத் தேங்காய் உடைத்துப் பூசணிக்காய் சுற்றினார்.

அந்தத் தாளை வைத்திருக்கிறவளைத் தகுதியில்லை என்று அனுப்பினால் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது மேலே இருந்தவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டே நாளில் மறு மெடிக்கல் முடிந்தது. சனிக்கிழமை காலை கம்பெனி ரோல் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முனிலட்சுமி உள்ளே வந்தாள். காவலாளி பெயர் கேட்கவில்லை.

விஜயகுமார் அறை வாசலில் அவளுக்கு முன்னாலேயே நான்கு பேர் வந்து நின்றிருந்தார்கள். அவரவர் கையை விரித்துக் கதவுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் நின்றவன் கங்கப்பன், அவனுக்கு வலது கையில் இரண்டு விரல் அரையோடு நின்றுபோயிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் தனி அறை எடுத்து, மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடுகிற ஆள் அவன். அவன் அறையில் என்றைக்கும் கிரைண்டர் இருந்ததில்லை.