மஞ்சள் விளக்கும் சிவத்தின் வலது தோளும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மனைவிக்கு இடியப்பம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிச் சொன்னார்:

"மாஸ்ரர், கராஜ் சிவம் கோச்சியிலை அடிபட்டுப்போனான். தடி விழுந்தாப் பிறகும் மோட்டார் சைக்கிளை உள்ளுக்கை விட்டவனாம். கோச்சியோடையும் சண்டை கொளுவப் போயிட்டான்."

கையிலிருந்த கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. கொக்குவில் ரயில் கடவைக்கு நான் போகவில்லை. போய்ப் பார்த்தவர்கள் சொன்னதை இங்கே எழுதவும் என்னால் முடியாது.

சிவத்தை அறிந்த ஊரவர்களாகிய உங்களுக்கு அவருடைய கோபத்தை நான் விளக்கத் தேவையில்லை. எண்ணெய் மாற்றியதாகப் பொய் சொன்ன ஓர் ஓட்டோக்காரரின் பிடரியைப் பிடித்து, எஞ்சினிலிருந்து வடிந்த கறுப்பு ஒயில் தட்டத்துக்குள் முகத்தை அமுக்கியதை என் கண்ணால் கண்டேன். அந்த மனிதர் மூச்சுக்குத் திணறிக் கால்களை உதைத்தார். பிறகு சிவமே அவருக்குச் சவர்க்காரம் கொடுத்துவிட்டு, பின்னேரம் வரை குந்தியிருந்து ஓட்டோவைத் திருத்தி அனுப்பினார். "எஞ்சின் பொய் சொல்லாது மாஸ்ரர், ஆக்கள்தான் சொல்லுவினம்" என்பார். அப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்று கேட்கலாம். எனக்கு அவரிடம் பயம். ஆனால் பயப்படும் எனக்கு, பயமில்லாத ஒருவர் தேவைப்பட்டார்.

பக்கவாதம் வந்து மனைவிக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்ட பிறகு, கதவைத் தள்ளித் திறக்கும் பழைய வான் ஒன்றை வாங்கினேன். திருநெல்வேலியில் வாகனம் வாங்கி விற்கும் யோகன் தந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவளைக் கீரிமலைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும்; அந்த ஒரு நாளுக்காகவே அவள் மற்ற ஆறு நாட்களும் இருந்தாள். இரண்டாம் மாதத்தில் டாஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வான் இழுக்காமல் உதறியது. சிவம் கணினியைப் பொருத்திப் பார்த்துப் பிளக் மாற்றினார். விளக்கு அணைந்தது, அடுத்த வெள்ளி மீண்டும் எரிந்தது. கொயில் மாற்றினார். பிறகு சென்சர் மாற்றினார். கராஜில் நிற்கும்போது எந்தக் குறையும் இல்லை, வீட்டுக்குப் போனால் விளக்கு எரிகிறது. ஒருநாள் ஸ்பனரைச் சுவரில் எறிந்து, "இது பிறப்பிலையே கோளாறு. அவன் தெரிஞ்சுகொண்டுதான் வித்திருக்கிறான், ஏறுங்கோ" என்றார்.

யோகனின் வளவுக்குள் நாங்கள் நுழைந்தபோது அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றான்.

"மாஸ்ரரின்ரை தலையிலை என்னத்தையடா கட்டினனீ?"

"அண்ணை, நான் குடுக்கேக்கை லைற் எரியேல்லை. மூண்டு மாசம் ஓடிப்போட்டு வந்து சொன்னால்? கிழவனுக்கு வான் ஓடத் தெரியாட்டி நானோ பொறுப்பு?"

கிழவன் என்ற சொல் முடியுமுன் அடி விழுந்தது. யோகன் ஒரு காரின் மேல் சாய்ந்தான். சிவம் அவனை மயிரில் பிடித்து நிமிர்த்தி மீண்டும் வாயில் குத்தினார். விழுந்தவனின் விலாவில் உதைத்தார். டயர்ச் சில்லுக் கழற்றும் ஸ்பனரை எடுத்து அங்கு நின்ற காரின் முன் கண்ணாடியை நொறுக்கினார். ஒரு பல் என் செருப்பருகே வந்து கிடந்தது. "சிவம், காணும்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் பயந்து சேர்த்துவைத்த பெற்றோல் கான்களில் ஒன்றை வழக்கம்போல் வானுக்குள் ஊற்றினேன். வீணாக்கக் கூடாது என்று, வான் வாங்கிய இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு கான் வீதம் ஊற்றிவந்தேன். கீரிமலைக்குப் பாதி வழியில் விளக்கு எரிந்தது. என்னிடம் இரண்டு கொப்பிகள் உண்டு. ஒன்றில் விளக்கு எரிந்த நாட்கள், மற்றதில் கான்கள் வெறுமையான நாட்கள். அன்று மாலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு வரியும் பிசகவில்லை. கராஜுக்குப் போகும் முன் மட்டும், வெறுந் தாங்கியோடு வாகனத்தைக் கொடுப்பது மரியாதையல்ல என்று புதுப் பெற்றோல் நிரப்பிக்கொண்டு போவேன். குறையை நானே கழுவிக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். வருடக்கணக்கில் கிடந்த பெற்றோல் பழுதாகும் என்பது முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்த எனக்குத் தோன்றவில்லை.

சொல்வதற்கு நான்கு நாட்கள் எடுத்தேன். எஞ்சிய கான்களையும் கொப்பிகளையும் கொண்டுபோய் வைத்தேன். சிவம் இரண்டையும் விரல் வைத்து வாசித்தார். பிறகு இரும்பு அலவாங்கை எடுத்து ஒவ்வொரு கானாகக் குத்திக் கிழித்தார். பெற்றோல் நிலமெல்லாம் ஓடியது. என் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"அவன்ரை பல்லு, மாஸ்ரர்! அவன்ரை பல்லு!"

கையை ஓங்கினார். அப்படியே நின்றார். பிறகு கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் தந்து, "ஏறுங்கோ" என்றார்.

யோகனின் வாய் அப்போதும் வீங்கியிருந்தது. சிவம் அதே ஸ்பனரை அவன் கையில் வைத்தார். "வானிலை ஒரு கோளாறும் இல்லை. பிழை என்ரை. எனக்கு எஞ்சின் விளங்கேல்லை. அடி" என்று குனிந்து நின்றார். யோகன் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் வானின் சில்லைப் பார்த்தேன். ஸ்பனர் வலது தோளில் இறங்கியபோது காய்ந்த பனைமட்டை முறிவதுபோல் கேட்டது. சிவம் முழந்தாளில் விழுந்தார்.

"நீங்கள் வானை ஓடுங்கோ. என்னாலை ஸ்ரேறிங் பிடிக்க ஏலாது."

வழியில், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்டு விழுந்தால் செத்துப்போவியள். பிறகு அக்காவைக் கீரிமலைக்கு ஆர் கொண்டுபோறது?"

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குறை கண்டுபிடிக்கத் தெரியாமல் ஆளை அடித்த மெக்கானிக் என்று ஊர் சிரித்தது. 'மஞ்சள் லைற்' என்று தேநீர்க் கடையில் பட்டம் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வாகனங்கள் வேறு கராஜுகளுக்குப் போயின. அவருடைய வலது கை காதுக்கு மேலே எழவில்லை. மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் வலது கையில் இருக்கிறது என்பதைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

செத்த வீட்டில் யோகன் பந்தலோரம் நின்றான். அவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மாஸ்ரர். அண்ணை குனிஞ்சு நிக்கேக்கை உங்கடை முகத்தைப் பாத்தனான்."

"பிறகேன் அடிச்சீர்?"

"நீங்கள் வாய் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். திறக்கேல்லை. எனக்கும் கோபம்தானே."

சிவத்துக்கு எஞ்சின் விளங்கும். விளங்காதபடி செய்தவன் நான். அவரைப் பற்றி இனிக் கதைக்கும்போது இதையும் சேர்த்துக் கதையுங்கள். பட்டத்தை எனக்கு வையுங்கள். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஓர் அடி மட்டும்தான். எனக்கு விழவேண்டியதை அவர் வாங்கினார். அந்தச் சத்தத்தை நான் வைத்திருக்கிறேன்.