பாவுக்கு மேல் ஒரு கூரை

வீடு கட்ட பிளான் போடுகிறவனிடம் யாரும் யோசனை கேட்டு வருவதில்லை. ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குத் துணை தேடி வருகிறார்கள். சுவருக்குச் செங்கல்லா கருங்கல்லா, கூரைக்கு ஓடா கான்கிரீட்டா என்று நாம் வாயைத் திறப்பதற்குள், மைத்துனன் வீட்டில் எப்படிக் கட்டினார்கள் என்று சொல்லி முடித்திருப்பார்கள். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். வீடு கட்டிக் களைத்துப்போனவர்களுக்கும் தெரியும். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் நான் கட்டிக்கொடுத்த வீடுகள் பலவும் எனக்கு மறந்துவிட்டன. தப்புச் செய்த வீடு மட்டும் செங்கல் செங்கலாக ஞாபகம் இருக்கிறது.

குரங்கு செய்த சேதம்

பிள்ளையார்பாளையத்திலிருந்து வடிவேலு என்று ஒரு நெசவாளர் வந்தார். நாட்டு ஓடு போட்ட வீடு. கோயில் பக்கத்திலிருந்து கூட்டமாக வரும் குரங்குகள் அவர் கூரை வழியாகத்தான் அடுத்த தெருவுக்குப் போகும். போகிற போக்கில் நாலு ஓட்டை நகர்த்திவிட்டுப் போகும். அந்த ஐப்பசி மழையில் அப்படி நகர்ந்த இடத்தில் தண்ணீர் சொட்டி, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு இழைகள் நனைந்து, கரையின் அரக்குச் சாயம் சந்தன நிற உடலில் இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கு நெய்துகொண்டிருந்த புடவை அது. பட்டும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்வதாகவும், இன்னொரு பாவு கெட்டால் வேறு வீட்டைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாராம். வடிவேலுவுக்கு வேறு தொழில் தெரியாது.

மங்களூர் ஓடு போடலாம், மேலே கம்பி வலை அடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்த வழியெல்லாம் சொன்னேன். அவருக்கு மொட்டைமாடி வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மெத்தை வீடு என்று பெயர். நான் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஓட்ட மாத்தலாம் சார், குரங்க மாத்த முடியுமா? மெத்த வீடா கட்டிக் குடுத்துடுங்க."

தூண்

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் கான்கிரீட் என்றால் எனக்கு ஒரு தனிப் பெருமை. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கி, சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து போதும், மூட்டைகளைக் கூரைக்கு மட்டும் செலவழிப்போம் என்று கணக்காகத் திட்டம் போட்டேன். தறி போடும் கூடம் பதினாறு அடி அகலம். நடுவில் ஒரு தூண் வைத்தால் உத்தரம் சிறியதாகும், கம்பி மிச்சம். பிளானில் அந்தத் தூணை ரசித்து வரைந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வடிவேலு பிளானைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் மனைவி சரோஜா வந்தாள். புடவையின் உடலுக்கு அவர் நாடா, அதாவது குறுக்கிழை ஓட்டும் கட்டை, போட்டால் கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போடுகிறவள் அவள்தான். கையில் ஒரு கயிறு. என் ஆபீஸ் தரையில் அதை நீட்டினாள். ஒரு முடிச்சு சுவர், அடுத்த முடிச்சு நெய்கிறவர் உட்காரும் இடம், கடைசி முடிச்சு பாவை இழுத்துக் கட்டும் முளை. பிளானில் இருந்த அடிக்கணக்கை அந்தக் கயிற்றோடு ஒத்துப் பார்த்தேன். அவள் கோபமாகப் பேசவில்லை. "நீங்க தூண் வச்சிருக்கற எடத்துல அவரு உக்காந்துக்கினு இருக்காரு சார்."

அஸ்திவாரம்

தூணை எடுத்துவிட்டு உத்தரத்தைப் பெரிதாக்கினேன். கூரையின் பாரம் முழுவதும் இப்போது சுவர்கள் மேல். வடக்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைத்து, வெளிச்சத்துக்காகத் தறியையும் கூடத்தின் நடுவிலிருந்து அதன் ஓரத்துக்கு நகர்த்தினேன். எல்லாம் சரியாக வந்த திருப்தியில், பழைய வீட்டைப் பிரித்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் அன்று குடையோடு போய் நின்றேன்.

கொத்து மேஸ்திரி கன்னியப்பன் பாலாற்றுக் கரைக்காரர். மணலைக் கையில் தேய்த்துப் பார்த்தே எந்த வண்டியைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லிவிடுவார். அவர் மூன்றடி தோண்டிவிட்டு நிறுத்தினார். பிளானைக் கேட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார். தறிக்குக் குழி உண்டு; நெய்கிறவர் கால் தொங்கப்போட்டு மிதிக்க வேண்டும். அந்தக் குழியை வீடு முடிந்த பிறகு வீட்டுக்காரர்களே வெட்டிக்கொள்வார்கள். மூன்றடி அஸ்திவாரத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டு, அதை ஒட்டியே இரண்டரை அடிக்குப் பள்ளம் வெட்டினால் சுவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அவர் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பக்கம் மட்டும் இன்னும் இரண்டடி ஆழப்படுத்தச் சொன்னேன். கன்னியப்பன் தாளை மடித்துக் கொடுத்தார். "செவுரு மேல எவ்ளோ பாரம்னு எழுதிக்கினு வந்திருக்கீங்க சார். செவுரு பக்கத்துல எவ்ளோ பள்ளம்னு எழுதலயே."

கோட்டும் வேட்டியும்

கூரை போட்டு, தண்ணீர் கட்டி ஆறவைத்து, முட்டு எடுத்தாயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை. குரங்குகள் வந்து பார்த்துவிட்டு, நகர்த்த ஒன்றும் இல்லாததால் போய்விட்டன. கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்களை வைத்துக் கட்டையால் தட்டி, தட்டு ஓடு பதிப்பது ஊர் வழக்கம். அதற்கு இன்னும் ஒரு மாதம் பிடிக்கும் என்றார் கன்னியப்பன். தறி உறவினர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. முதலாளி வேறு ஒரு முகூர்த்தப் புடவைக்குப் பாவு கொடுத்துவிட்டு, வடிவேலு எப்போது ஆரம்பிப்பார் என்று கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவசரம் அவர்களுடையது, அகங்காரம் என்னுடையது. சுண்ணாம்புத் தளம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். கான்கிரீட்டுக்கு மேல் சுண்ணாம்பு எதற்கு, கோட்டுக்கு மேல் வேட்டி கட்டுவார்களா என்று கேட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கன்னியப்பன் சிரிக்கவில்லை. "கோட்டு போட்டுக்கினு வெயில்ல நின்னு பாத்திருக்கீங்களா சார்?"

சின்ன காஞ்சிபுரத்துக் கூடம்

அதே மாதத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்ற சமஸ்கிருத வாத்தியார் ஒருவர் வீட்டில் கூரையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே கனமாகச் சுண்ணாம்புத் தளம். இரண்டு கட்டைகளில் கரையான். கட்டைகளை மாற்றினால் போதும்தான். ஆனாலும் மொத்தத்தையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் கரையானும் இல்லை, கவலையும் விட்டது என்று சொன்னேன்.

வாத்தியார் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்த விசிறியை அவர் வீசவே இல்லை என்பதைக் கவனிக்கும் புத்தி எனக்கு அன்று இல்லை. "மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து இந்தக் கூடத்துல சித்த நாழி படுத்துண்டு பாரும். அப்புறமும் இடிக்கணும்னு தோணித்துன்னா, கடப்பாரையை நானே எடுத்துத் தரேன்."

கத்திரி

கத்திரி வெயில் தொடங்கிய நாலாம் நாள் சரோஜா ஆபீஸ் வாசலில் நின்றாள். வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். உச்சி வெயிலில் போனேன். கூடத்துக்குள் நுழைந்ததும் அடுப்பின் வாயில் முகத்தை நீட்டியது போல் இருந்தது. ஜன்னலில் ஈரச் சாக்கு, குழிக்குள் தண்ணீர் வாளி, வடிவேலுவின் தோளில் நனைந்த துண்டு. பட்டுக்குக் காற்றில் கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும். காய்ந்துவிட்டால் இழை முறுகிப்போகும். அவர் நாலு தடவை நாடா போடுவார், ஓர் இழை அறும். குனிந்து, தேடி, முடிச்சுப் போடுவார். மறுபடி நாலு தடவை. பழைய ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்கு வழியாக மழை மட்டும் வரவில்லை, காற்றும் வந்து போயிருக்கிறது. நெய்த துணியைச் சரோஜா தடவிப் பார்க்கச் சொன்னாள். உள்ளங்கையில் முடிச்சுகள் நெருடின. பத்து நாளில் முதலாளி புடவையைப் பார்க்க வருகிறார்.

எனக்கு அவமானமாக இருந்தது. நான் போட்ட கணக்கில் கூரையின் கனம் இருந்தது, கம்பியின் கனம் இருந்தது. கூரைக்குக் கீழே என்ன வேலை நடக்கிறது என்பது இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "மழைக்குப் பயந்து கட்னோம் சார். வெயிலுக்கு எங்க போறது?"

கொல்லையில் கிடந்தவை

மறுநாள் இரண்டு மணிக்கு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் போய்ப் படுத்தேன். வெறும் சிமெண்டுத் தரை முதுகுக்கு ஜில்லென்று இருந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தேன். வடிவேலு வீட்டின் மேல் அதே கனத்தில் சுண்ணாம்புத் தளம் போட நாள் இல்லை. சைக்கிளை நேராகப் பிள்ளையார்பாளையத்துக்கு மிதித்து, கொல்லை வழியாக உள்ளே போனபோதுதான் அங்கே அடுக்கியிருந்த பழைய நாட்டு ஓடுகள் கண்ணில் பட்டன. விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கன்னியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஓடுகளைக் கான்கிரீட்டின் மேல் வரிசையாகக் கவிழ்த்து, அடியில் காற்று ஓடும்படி இரண்டு அடுக்காக அடுக்கச் சொன்னேன். குரங்கு நகர்த்தினாலும் கீழே கான்கிரீட் இருக்கிறது, ஒழுகாது. சுண்ணாம்புத் தளத்தை நிதானமாக அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஓடுகளை நானும் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மத்தியானம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேர்த்தது, ஆனால் மூச்சு முட்டவில்லை. வடிவேலு நாடா போட்டார். ஐந்தாவது தடவை வந்தது, பத்தாவது வந்தது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்; தறிச் சத்தம் நிற்கவில்லை.

முதலாளி வந்த அன்று நான் தெருமுனையிலேயே நின்றுகொண்டேன். முடிச்சு விழுந்த முழத்தில் அவர் கை நின்றதாம், முகம் சுளித்தாராம். அதற்கு மேல் நெய்தது வழவழவென்று இருக்கவே, அடுத்த பாவுக்கான பட்டை வைத்துவிட்டுப் போனாராம். சேதி சொல்ல வந்த சரோஜா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒரு குரங்கு ஓட்டின் மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. "ஓட்டு வீடு வேணாம்னு மெத்த வீடு கட்டி, மெத்த மேல ஓட்ட போட்டுக்கினு இருக்கோம். கேக்கறவங்களுக்கு இது என்னா வீடுன்னு சொல்றது சார்?"

அன்று முதல் யார் கூரையைப் பற்றிக் கேட்டு வந்தாலும், அவர்கள் வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டேன். நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான் என்றாலும், இன்ஜினியர் சாப்பாட்டு வேளை பார்த்துத்தான் வருவார் என்று ஊரில் பேச்சு.