மாநிலம் விடாது என்றார் ஜெசிந்தா அக்கா

கனடாவில், அஜின்கோர்ட்டில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தபோது மெலனியின் செய்தி வந்தது. "அம்மா போயிட்டா." அதன் கீழே இன்னொன்று: "மாமாக்கு இன்னும் சொல்லேல்லை." இறங்க வேண்டிய தரிப்பிடம் கடந்து போனது.

மெலனியின் தாய் ஜெசிந்தா அக்காவை உங்களில் பலர் குரலாகத்தான் அறிவீர்கள். சனிக்கிழமை காலை, எங்கள் சிறிய தமிழ் வானொலியில், அமெரிக்க அரசியலை விளக்கும் அரை மணி நேரம். நான் கேட்பேன். அவர் சொல்வார். மன்னாரில் பிறந்தவர், இங்கே நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்.

பல்கலைக்கழகச் சொற்களோடு போவேன். அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி என்கிற சமஷ்டி.

"உதெல்லாம் சோதினைக்கு எழுதுறது, பிள்ளை. ஆர் ஆரை மறிக்கலாம் எண்டு சொல்லும்."

அதுதான் அவருடைய முறை. காங்கிரஸ் போடும் சட்டத்தை ஜனாதிபதி மறிக்கலாம். காங்கிரஸ் திரும்ப வாக்கெடுத்து அவரை மீறலாம். இருவரையும் நீதிமன்றம் மறிக்கலாம். எல்லாவற்றையும் இப்படியே சொல்லி முடிப்பார்.

மாநிலங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய குரலில் ஓர் ஆசை ஏறும். மல்வேர்னிலிருந்து ஓர் அங்கிள் ஒருமுறை நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்: "தங்கச்சி, நாங்கள் கேட்டுக் கிடைக்காத சமஷ்டி அவங்களிட்டைச் சும்மா கிடக்கு. பிறகென்ன சண்டை?"

"சண்டை பிடிக்கத்தான் அங்கிள் அதை வைச்சிருக்கிறாங்கள்," என்று அக்கா சிரித்தார்.

அவருடைய தம்பி அன்ரன் எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துவந்தார். அகதி வழக்கு முடியவில்லை. கனடாவில் சகோதரி இருப்பதால், எல்லையில் வந்து இங்கே தஞ்சம் கேட்க அவருக்கு வழி இருந்தது. வரட்டுமா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். "அங்கேயே நில். உன்ர மாநிலம் விடாது. ஆக்களைப் பிடிச்சு நாடுகடத்துறதுக்குப் பொலிஸ் உதவக்கூடாதெண்டு சட்டமே போட்டிருக்கு."

சட்டம் உண்மை. மாநிலப் பொலிஸ் உதவவில்லை. மத்திய அரசின் அதிகாரிகள் தாங்களே அன்ரனைப் பிடித்தார்கள், வழமைபோல் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போன இடத்தில்.

குடிவரவு மத்திய அரசின் கையில் இருக்கிறது என்று அக்கா வானொலியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தெரிந்திருந்தும் நம்பினார். தமிழருக்குச் சமஷ்டி வேண்டும் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த வீடு அது. அதிகாரமுள்ள ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் இருப்பவரைக் கைவிடும் என்று அவரால் நினைக்க முடியவில்லை.

அன்ரனைத் தூரத்து மாநிலம் ஒன்றின் தடுப்பு முகாமுக்கு மாற்றினார்கள். வழக்கு முடியும்வரை நாடுகடத்தக் கூடாது என்று ஒரு நீதிபதி கட்டளையிட்டார். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒரு பெண் தொலைபேசி எடுத்தார்.

"நீதிபதி சொன்னதை அவை கேக்காட்டி?"

அக்கா ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார்.

"நீதிபதியிட்டைப் படை இல்லை, அம்மா. எல்லாரும் கேப்பினம் எண்டுதான் எழுதுறார்."

"அப்ப நம்பலாமோ?"

நான் பாட்டைப் போட்டேன்.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில், அக்கா கதவைத் திறக்காமல் நின்றார். "வரட்டே எண்டு கேட்டவன், பிள்ளை." அதன் பிறகு அவர் நிகழ்ச்சிக்கு வரவில்லை. சில வாரங்களில் இதயம் நின்றது.

அஞ்சலி மண்டபத்தில் மெலனியின் தொலைபேசி அடித்தது. முகாமிலிருந்து.

"மாமா... அம்மா... ஐ கான்ட்." என் கையில் தந்துவிட்டாள். நான்தான் சொன்னேன்.

எப்போது, எப்படி என்று அன்ரன் கேட்டார். பிறகு, "தன்னில பிழையெண்டு சொன்னவவோ?"

"ஓம்."

"விசர்க் கதை. நானும்தானே நம்பினனான்." அடுத்ததாகக் கேட்டார்: "அந்தக் கட்டளை இன்னும் இருக்கோ?"

"இருக்கு."

ஜெசிந்தா அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த அழைப்புத்தான். அன்ரன் இப்போது சனிக்கிழமைகளில் என் இலக்கத்துக்கு எடுக்கிறார். கட்டளை இருக்கிறதா என்று முந்தைய நாளே வழக்கறிஞரிடம் விசாரித்து வைத்துக்கொள்கிறேன். இருக்கு, என்கிறேன். நாளைக்கும் இருக்குமா என்று அவர் கேட்பதில்லை.